வளைகாப்புத் தட்டில் ஓர் அட்டை



எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. கிராம சுகாதார செவிலியராக முப்பத்தொரு வருஷம் வரப்பிலும் வாய்க்காலிலும் நடந்தவள். நின்று பேசுவதைவிடத் திண்ணையில் உட்கார்ந்து பேசத்தான் வரும். இன்றைக்கு ஏப்ரல் 11, கஸ்தூரிபா பிறந்தநாள், பாதுகாப்பான தாய்மை நாள் என்று சொல்லி என்னை இங்கே ஏற்றிவிட்டார்கள். இறங்குவதற்குள் ஒரே ஒரு காரியம் கேட்டுவிட்டுப் போகிறேன்.

இது வாசகர் வட்டம், படிக்கிறவர்கள் கூடியிருக்கும் இடம். அதனால் முதலில் கணக்கு. நம் தமிழ்நாட்டில் 2001-03இல் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்துபோனார்கள். 2018-20இல் அது 54. நாடு முழுவதற்கும் பார்த்தால் 301 ஆக இருந்தது 97 ஆனது. இது தானாக நடக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியரைப் போட்டு ராத்திரியும் கதவைத் திறந்து வைத்தார்கள். 2008இல் 108 வண்டி வந்தது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரில் பேறுகாலப் பணம் வந்தது.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று விசாரணை வைக்கும் வழக்கம். 1994இலேயே இங்கே அதைத் தொடங்கிவிட்டார்கள். வலி எத்தனை மணிக்குக் கண்டது, யார் வண்டி பிடித்தது, ஆஸ்பத்திரி வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று அழுகிற வீட்டில் போய்க் கேட்க வேண்டும். எனக்குக் கைகால் நடுங்கும். ஆனால் அந்தக் கேள்விகளில்தான் எந்த ஊருக்கு வண்டி தாமதமாகிறது, எங்கே ரத்தம் இருப்பில் இல்லை என்பதெல்லாம் வெளியே வந்தது. விதி என்று எழுதி மூடியிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது.

சரி, இப்போது ஆஸ்பத்திரிப் பிரசவம் எவ்வளவு? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 99.6 சதவீதம். கை தட்டலாம். ஆனால் அதே கணக்கெடுப்பைத் திருப்பிப் பாருங்கள். நம் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவம் வீட்டை விட்டுப் போய்விட்டது. கர்ப்பம் இன்னும் வீட்டில்தானே இருக்கிறது?

ரத்தசோகை என்றால் வெறும் களைப்பு என்று நினைக்காதீர்கள். குழந்தை பிறந்த கையோடு வருகிற ரத்தப்போக்குதான் நம் பெண்களை அதிகம் கொண்டுபோகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டு கிராம் உள்ளவள் அரை லிட்டர் போனாலும் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பாள். ஏழு கிராம் உள்ளவளுக்கு அதே அரை லிட்டரில் கண் சொருகிவிடும்.

மாத்திரை கொடுக்கவில்லையா என்றால், மூட்டை மூட்டையாகக் கொடுத்தோம். ஒரு வீட்டில் ஓடு மாற்ற ஆள் ஏறினான். "நர்சம்மா, மேலே உங்க சரக்கு நிறைய இருக்கு" என்று இறங்கி வந்தான். பார்த்தால் சிவப்பு மாத்திரை, அட்டை அட்டையாக, மழையில் நனைந்து கரைந்து சந்தில் ஒட்டிக்கிடக்கிறது. அந்த வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணைத் திட்டவில்லை. மாத்திரை போட்டால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். வெளிக்குப் போனால் கருப்பாகப் போகிறது, அதைப் பார்த்து அவளும் நம்பிவிட்டாள். அது மாத்திரையில் இருக்கிற இரும்பின் நிறம், பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை மாமியாரிடம் சொல்ல எனக்கு மூன்று நடை ஆனது. டீயோடு சேர்த்துப் போடாதே, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, அதோடு ஒரு நெல்லிக்காய் கடி என்று சொல்ல இன்னொரு நடை.

இப்போது நான் கேட்க வந்த காரியத்துக்கு வருகிறேன். வளைகாப்பு.

ஐந்து வகைச் சோறு கட்டி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். அப்படி வந்த ஒரு பெண் எனக்குத் தெரியும். ஒன்பதாம் மாதம். சாயங்காலம் தலை வலிக்கிறது, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள், தைலம் தேய்த்தார்கள். பத்து மணிக்கு ஜன்னி கண்டு கைகால் வெட்டியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பிரஷர் எவ்வளவு இருந்தது? அட்டை எங்கே?" தாய் சேய் அட்டை இருநூறு கிலோமீட்டர் தள்ளி, புருஷன் வீட்டு பீரோவில். நடுராத்திரி போன் போட்டு எழுப்பி, பீரோவைத் திறந்து படிக்கச் சொன்னால், இரண்டு வாரத்துக்கு முன்பே 140க்கு 90 என்று சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டிருந்தது. எழுதிய செவிலிக்குத் தெரியும். தாய்வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, அறுவை செய்து, இரண்டு உயிரையும் மீட்டுவிட்டார்கள். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

அறுவை என்றதும் முணுமுணுப்பு கேட்கிறது. நியாயம்தான். அந்த 2019-21 கணக்கெடுப்பின்படி இங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை. தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8. இத்தனை பேருக்குத் தேவைப்பட்டது என்று நான் நம்பவில்லை. நல்ல நேரம் குறித்துக் கொடுத்து டாக்டரை நெருக்குகிற குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ராத்திரி அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது.

பெரியவர்களுக்கு இன்னொரு வார்த்தை. பிறந்த பிள்ளை நாக்கில் சேனை தொட்டு வைக்க ஆசையாகத்தான் இருக்கும். வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், தேன் வேண்டவே வேண்டாம், கழுதைப்பால்காரன் வந்தால் வாசலோடு அனுப்புங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பால் உள்ளே போகட்டும்.

என் கோரிக்கை இவ்வளவுதான். வளைகாப்பில் சந்தனம், குங்குமம், வளையல் வைக்கிற தட்டில் தாய் சேய் அட்டையையும் ஸ்கேன் தாளையும் வையுங்கள். ரத்த வகை என்ன, பிரஷர் எவ்வளவு என்று சம்பந்தி வீட்டார் முன்னால் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். அதை ஆண்பிள்ளை ஒருவர் படித்தால் இன்னும் நல்லது. வண்டி பிடிக்கப் போகிறவர் அவர்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு. எனக்கும் பத்திரிகை வைத்திருக்கிறார்கள். சாப்பிட உட்காருவதற்கு முன் அட்டையைக் கேட்கப் போகிறேன். எடுத்து வையுங்கள்.