சேமக்காலைகளும் பனிமலைகளும்: ஐரோப்பாவில் ஒரு குடும்பக் கார்ப் பயணத்தைத் திட்டமிடல்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளைக் காரில் ஐரோப்பாவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும், யுத்தம் நடந்த இடங்களையும் அல்ப்ஸ் மலைகளையும் ஒரே பயணத்தில் காட்ட வேண்டும், அதை எப்படித் திட்டமிடுவது என்று எங்கள் சங்கத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் லண்டனில் வாழும் ஒரு குடும்பம். அம்மம்மா, நாங்கள் இருவர், பதினான்கு வயது மகன், ஒன்பது வயது மகள் என்று ஐந்து பேர் அப்படியொரு பயணம் போய் வந்தோம். அதிலிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

வரைபடத்தை மேசையில் விரித்தால் எல்லா இடத்துக்கும் போக ஆசை வரும். நோர்மண்டிக் கடற்கரையும் வேண்டும், பேர்லினும் வேண்டும், போலந்தும் வேண்டும், சுவிசில் எல்லா மலையும் வேண்டும். பதினாறு நாளில் இவ்வளவையும் ஓடி முடித்தால், பிள்ளைகளின் நினைவில் நிற்பவை பெற்றோல் நிலையங்களாகத்தான் இருக்கும். ஆகவே நாங்கள் இரண்டு விதிகள் வைத்தோம். ஒரு நாளில் ஒரு பகுதிக்கு மேல் பார்ப்பதில்லை. மனம் பாரமாகும் நாளுக்கு அடுத்த நாள், தண்ணீரோ மலையோ உள்ள இலேசான நாளாக இருக்க வேண்டும். இந்த விதிகளின்படி நான்கு யுத்த இடங்களே தேறின: பெல்ஜியத்தில் ஈப்பர், பிரான்சில் வேர்டன், ஜேர்மனியில் டாஹாவ், இத்தாலியில் டொலமைற் மலைகள்.

முதலில் கடதாசி வேலை. அம்மம்மாவிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. பிரித்தானியாவில் வதிவிட உரிமை இருந்தாலும் அவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், நாள் நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். இலங்கையிலிருந்து வந்து வாடகைக் கார் எடுப்பவர்கள், புறப்படுமுன் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது வீதிக் கட்டணம். பிரான்சின் நெடுஞ்சாலைகள் பலவற்றில் வாயிலில் நின்று பணம் கட்ட வேண்டும். ஜேர்மனியில் கார்களுக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை. ஆனால் மியூனிக் போன்ற நகரங்களுக்குள் நுழையப் பச்சை நிறப் புகைச் சான்று ஸ்ரிக்கர் வேண்டும். ஒஸ்ரியாவில் பத்து நாளுக்கான நெடுஞ்சாலை அனுமதி வாங்கலாம். சுவிசில் ஒரு நாள் ஓடினாலும் 40 பிராங் கொடுத்து முழு வருடத்துக்கும் எடுக்க வேண்டும். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளுக்குள் வெளியார் கார் நுழைந்தால் கமெரா பிடித்து, தண்டம் வீடு தேடி வரும். காரை வெளியே விட்டு நடந்து போவதே நல்லது. எச்சரிக்கை முக்கோணத்தையும், ஆளுக்கொரு ஒளிரும் மேலங்கியையும் காரில் வைத்திருங்கள்.

இனி வழி. கலேயில் கப்பலை விட்டு இறங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஈப்பர் நகரம் வந்துவிடும். அங்கேயே இரவு தங்குங்கள். ஏனென்றால், மெனின் வாயில் என்ற பெரிய வளைவின் கீழ் ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு வீதியை மறித்து, இறந்தவர்களுக்காக எக்காளம் ஊதுகிறார்கள். 1928 இல் தொடங்கிய வழக்கம் இது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மானியர் நகரைப் பிடித்திருந்த ஆண்டுகளில் அங்கே நின்றுபோனது. வாயில் திறக்கப்பட்டது 1927 இல். எங்கள் சங்கத்தின் வயதும் ஏறக்குறைய அதுதான்.

அந்தச் சுவர்களில் 54,000 க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து வந்த சிப்பாய்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. அத்தனை பேரும் உடல் கிடைக்காதவர்கள், அல்லது எது யாருடைய உடல் என்று தெரியாமல் போனவர்கள். சுவரில் இடம் போதாமல் போனதால், பின்னர் இறந்த இன்னும் ஏறக்குறைய 35,000 பேரின் பெயர்களை ரைன் கொட் சேமக்காலையின் சுவரில் பொறித்தார்கள். நாங்கள் இதை வாசித்துச் சொன்னபோது அம்மம்மா ஒரேயொரு கேள்வி கேட்டார்: "உடம்பு கிடைக்காத ஆக்களுக்கும் பேர் எழுதி வைச்சிருக்கினமோ?"

அடுத்த நாள் ரைன் கொட் போனோம். உலகிலுள்ள பொதுநலவாய யுத்த சேமக்காலைகளில் மிகப் பெரியது அதுதான். ஏறக்குறைய 12,000 கல்லறைகளில் 8,000 க்கும் மேற்பட்டவை பெயர் தெரியாதவர்களுடையவை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். திருகோணமலையில் நிலாவெளி வீதியோரம் உள்ள யுத்த சேமக்காலையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கு தெரிந்திருக்கும். அதையும் பராமரிப்பது அதே ஆணைக்குழுதான். அங்கிருந்து சில நிமிட ஓட்டத்தில் லாங்கமார்க் இருக்கிறது. அது ஜேர்மானியருக்குரியது. 44,000 க்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெல்ஜியத்துக்குள் படையெடுத்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சேமக்காலையிலும் புல் வெட்டப்பட்டு, ஓக் மரங்கள் நிழல் தந்துகொண்டு நிற்கின்றன. "எதிரியின்ர இடத்தையும் ஏன் இப்பிடித் துப்புரவாய் வைச்சிருக்கினம்?" என்று மகள் கேட்டாள். பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. ஆகவே இரண்டு தரப்பு சேமக்காலைகளையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்டன் போகும் வழியில், பிரான்சின் நெவ் ஷப்பெல் கிராமத்தில் இந்தியப் படையினருக்கான நினைவிடம் இருக்கிறது. 4,700 க்கும் மேற்பட்ட பெயர்கள். அரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். எங்கள் தோலின் நிறமுடையவர்களும் அந்தக் குளிரில், அந்தச் சேற்றில் நின்றார்கள் என்பதைப் புலம்பெயர் பிள்ளைகள் காண வேண்டும்.

வேர்டனில் 1916 பெப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை சண்டை நடந்தது. இரு பக்கமும் சேர்த்து மூன்று இலட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். டுவோமோன் எலும்பு மண்டபத்தில் ஏறக்குறைய 1,30,000 பேரின் எலும்புகள் ஒன்றாக இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் யார், ஜேர்மானியர் யார் என்று பிரிக்க முடியாததால் பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள். வெளியே நின்று சிறு கண்ணாடி யன்னல்களால் அவற்றைப் பார்க்கலாம். சிறு பிள்ளைகளைத் தூக்கிக் காட்ட வேண்டாம். அந்த மண்டபத்தின் முன்னால்தான் 1984 இல் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தெரோனும் ஜேர்மன் அதிபர் கோலும் கைகோத்து நின்றார்கள். அருகே ஃப்ளரி என்ற கிராமம் இருந்தது. இன்று அங்கே வீடுகள் இல்லை, குழிகளும் மரங்களும்தான். பாண் சுட்ட கடை எங்கே இருந்தது, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று அடையாளப் பலகைகள் மட்டும் நட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து மியூனிக் நீண்ட ஓட்டம். அன்று காரில் பிள்ளைகளின் கையில் ஐபாட் கொடுக்கவில்லை. எல்லோரும் முன்னே வீதியைப் பார்த்தபடி இருக்கும்போது வீட்டில் பேசாத கதைகள் வெளியே வரும். ஸ்ராஸ்பேர்க் தாண்டிய பிறகு அம்மம்மா தன் தம்பியின் பெயரைச் சொன்னார். இடப்பெயர்வின்போது காணாமற்போனவர் அவர். எங்கள் வீட்டில் பிள்ளைகளின் முன்னால் அதுவரை யாரும் சொல்லாத பெயர். மகன் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். எப்படி எழுதுவது என்று கேட்டு, தன் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டான். பயணத்தைத் திட்டமிடும் எல்லோருக்கும் நாங்கள் சொல்வது: நீண்ட ஓட்டம் உள்ள ஒரு நாளை வெறுமையாக விடுங்கள்.

டாஹாவ் வதைமுகாம் மியூனிக்கின் அருகே உள்ளது. 1933 மார்ச்சில் திறக்கப்பட்டு, 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படையால் விடுவிக்கப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்ட அந்த முகாமில் 40,000 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. மகளை நாங்கள் அங்கே கூட்டிச் செல்லவில்லை. ஒருவர் மகனோடு போக, மற்றவர் மகளையும் அம்மம்மாவையும் நகரப் பூங்காவுக்குக் கூட்டிச் சென்றார். குடும்பமாகப் போனாலும் எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த நாள் மலை. பேர்க்டஸ்காடன் அருகே கோனிக்ஸே ஏரியில் 1909 முதல் மின்சாரப் படகுகள்தான் ஓடுகின்றன. தண்ணீரின் அமைதியைக் குலைக்கும் இயந்திரச் சத்தம் இல்லை. படகோட்டி நடுவில் நிறுத்தி எக்காளம் ஊத, பாறைச் சுவர் அதைத் திருப்பி ஊதும். ஈப்பரில் கேட்ட எக்காளத்துக்குப் பிறகு பிள்ளைகள் சிரித்தபடி கேட்ட எக்காளம் இது. ஆனால் அந்த ஏரிக்கு மேலே ஒபர்சால்ஸ்பேர்க்கில்தான் ஹிட்லரின் மலை வீடு இருந்தது. அங்கே இப்போது ஓர் ஆவண நிலையம் இருக்கிறது. அழகான இடத்திலிருந்தும் கொடிய கட்டளைகள் போகும் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்கு அங்கே விளக்கலாம். அதற்கும் மேலே உள்ள "கழுகுக் கூடு" வரை சொந்தக் கார் போகாது, அவர்களுடைய பஸ்சில்தான் ஏற வேண்டும்.

பிறகு ஒஸ்ரியாவின் குறொஸ்குளொக்னர் மலைவீதி. 48 கிலோமீற்றர், 36 கொண்டை ஊசி வளைவுகள், கணவாய் 2,504 மீற்றர் உயரம். கட்டணம் உண்டு. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், கோடையிலும் இரவில் விடமாட்டார்கள். காலையிலேயே ஏறுங்கள். இறங்கும்போது பிறேக்கை மிதித்தபடி வராமல் சிறிய கியரில் இறங்குங்கள். வயதானவர்களுக்கு உயரத்தில் மூச்சு வாங்கும் என்பதால் மேலே அதிக நேரம் நிற்க வேண்டாம். ஜூலையிலும் ஒரு கம்பளிச் சட்டை கையில் இருக்கட்டும். வாந்தி வரும் பிள்ளைக்கு இஞ்சி இனிப்பும் ஒரு பையும் போதும்.

கடைசியாக டொலமைற். ஃபல்சாரேகோ கணவாயிலிருந்து கம்பிவட ஊர்தியில் லகட்சுவோய் மலைக்கு ஏறலாம். 1915 முதல் 1917 வரை இத்தாலியரும் ஒஸ்ரியரும் அந்தப் பாறைக்குள் சுரங்கம் குடைந்து, வெடிமருந்து நிரப்பி, மேலே நின்ற மனிதரோடு சேர்த்து மலையையே உடைத்தார்கள். தலைக்கவசமும் நெற்றி விளக்கும் அணிந்து அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊர்தியிலேயே திரும்புங்கள். இந்தப் பயணத்தில் யுத்தமும் மலையும் ஒரே இடத்தில் சேர்வது இங்கேதான். திரும்பும் வழியில் சுவிசில் உறவினர் வீட்டில் இரண்டு இரவு தங்கி, சோறும் கறியும் சாப்பிட்டு, உடுப்புத் தோய்த்து லண்டன் வந்தோம்.

அன்பான சகோதரிகளே, இந்த நூற்றாண்டில் சங்கத்தின் முன் எங்கள் குடும்பத்தின் சார்பில் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஈப்பரில் பெயர்களைப் பொறித்தவர்கள், யார் வீரன், யார் பயந்து ஓடினான் என்று பார்க்கவில்லை. படைப்பிரிவு, பதவி, அகரவரிசை, அவ்வளவுதான். எங்கள் பாடசாலையின் பழைய இடாப்புகளில், எங்கள் பக்கத்து வாங்கில் இருந்து படித்து, யுத்த காலத்தில் இறந்தவர்களின், காணாமற்போனவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்த வகுப்புத் தோழிகள் இன்று கொழும்பிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிரான்சிலும் சிதறி இருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்பும் தனக்குத் தெரிந்த பெயர்களை எழுதி அனுப்பினால், யார் எந்தப் பக்கம் என்ற கேள்வியே இல்லாமல், அகரவரிசையில் ஒரு பட்டியலாகத் தொகுத்து நூலகத்தில் வைக்கலாம். அந்த வகுப்புகளை நினைவில் வைத்திருக்கும் ஆசிரியைகள் இன்னும் எங்களோடு இருக்கும்போதே தொடங்குவது நல்லது.