ரூம் போடும் முன் படிப்போம்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம குழு அக்காமார் ஆறு பேர் கண்காட்சியில் பொருள் விற்க சென்னைக்குக் கிளம்பினாங்க. செல்போனிலேயே ரெண்டு ரூம் போட்டோம். முதலில் 2,400 ரூபாய்னு காட்டிச்சு. பணம் கட்டுற கடைசிப் பக்கத்தில் 2,830 ஆயிடுச்சு. பிறகு கண்காட்சியே ஒரு வாரம் தள்ளிப்போச்சு. தேதியை மாத்தினா தனிக் கட்டணம், ரத்து செய்தா ஒரு பைசா வராதுன்னுட்டாங்க.

போனது குழுவோட பொதுப் பணம். கூட்டத்தில் எல்லாரும் ஊக்குநரைத்தான் கேள்வி கேட்டாங்க. அவங்க அழுதுட்டாங்க. ஆனா பட்டனை அமுக்கினது நான். பொடி எழுத்தைப் படிக்காததும் நான்தான்.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு. விலையை மறைச்சு கடைசியில் ஏத்துவதை 2023-ஆம் ஆண்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கு. தான் ரத்து செய்தால் அதே மாதிரி கட்டணம் ஏற்காத இணைய நிறுவனம், நம்மிடம் ரத்துக் கட்டணம் வாங்கக்கூடாதுன்னு 2020 மின்வணிக விதிகள் சொல்லுது.

இனி நாம் செய்ய வேண்டியவை:

1. வரியோடு மொத்தம் எவ்வளவுன்னு பார்க்கணும்.
2. எந்தத் தேதிக்குள் ரத்து செய்தா முழுப் பணம் திரும்பும்னு படிக்கணும்.
3. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைக்கணும்.
4. தேதி உறுதியாகலையா? ஓட்டலுக்கே போன் செய்து, போனதும் பணம் தரலாமான்னு கேட்கணும்.

ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

படிக்காமல் தீர்மானத்தில் கையெழுத்துப் போடமாட்டோம். பட்டனும் கையெழுத்துதான்!