கண் சிமிட்டும் படம்



புனே நகரின் புறத்தே, பவனா ஆறு முளா ஆற்றோடு கூடுமிடத்திற்கு அருகில் உள்ளது சாங்வி. அங்கே ஒரு சிறு தொழிற்கூடத்தில், படத்தை ஒரே கம்பி வழியாகத் திரைக்கு அனுப்பும் மின்சுற்றுப் பலகைகளை நாம் வடிவமைத்தோம். இருபது பலகைகளைக் குறித்த நாளில் தருவதாக வாக்கும் கொடுத்திருந்தோம். சோதனை மேசையில் வண்ணப் பட்டைகள் அசையாமல் நின்றன. ஆயினும், வாங்கியவரிடம் சென்ற முதற்பலகையில் படம் கண் சிமிட்டியது. எப்போதாவது ஒரு கணம் இருண்டு, மீண்டும் தோன்றியது.

எஸ்.டி.ஐ. எனப்படும் இம்முறையில், நுண்படத்திற்கு நொடிக்கு 148.5 கோடி பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஒரு பிட்டின் வாழ்நாளில் அலை, பலகைமீது ஏறத்தாழ பத்து சென்டிமீட்டரே நகரும். ஆகவே பலகையிலுள்ள செப்புக்கோடும் ஒரு நெடுஞ்சாலையே ஆகிறது. அதன் மின்மறுப்பு எங்கும் 75 ஓம் ஆக இருத்தல் வேண்டும். மாறுமிடத்தில் எதிரொலி பிறக்கும்.

இதை அறிந்திருந்தும் நாம் பதற்றத்தில் தவறினோம். கோடை வெப்பத்தைக் குறை கூறினோம். கம்பியையும் இணைப்பானையும் ஒருசேர மாற்றினோம். குறிப்பலையின் வலுவையும் கூட்டினோம். சிமிட்டல் நிற்கவில்லை, எது குற்றவாளி, எது நிரபராதி என்பதும் விளங்கவில்லை.

வலுவைக் கூட்டுவது பழைய மயக்கம். 1858-ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலடியில் இட்ட தந்திக்கம்பியில் செய்திகள் தெளிவாக வரவில்லை. ஒயிட்ஹவுஸ் என்பவர் ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். முன்னரே நலிந்திருந்த கம்பி, சில வாரங்களிலேயே ஊமையாயிற்று. வில்லியம் தாம்சனோ, மெல்லிய மின்னோட்டத்தையும் உணரவல்ல நுண்கருவியை அமைத்துக் கம்பியின் இயல்பை ஆராய்ந்தார். 1866-இல் கடல்வழித் தந்தி நிலைபெற்றது.

நாமும் மீண்டும் தொடக்கத்திற்கே சென்றோம். ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் மட்டுமே. ஒவ்வொன்றையும் ஏட்டில் குறித்தோம். குட்டையான கம்பியிலும் குறை இருந்தது. ஆகவே கம்பி குற்றமற்றது. மின்வழங்கலையும் கடிகாரத் துடிப்பையும் அலைகாட்டியில் அளந்தோம், அவையும் தூயனவே. பிறகே, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை வாங்கியவரிடம் கேட்டோம்: எப்போது சிமிட்டுகிறது? “தலைப்பு எழுதிய ஒரே நிறத் திரை வரும்போது” என்றார் அவர்.

அதுவே திறவுகோல். அனுப்புமுன் பிட்டுகளைக் கலைத்துவிடுவதால், பூச்சியமும் ஒன்றும் பெரும்பாலும் சமமாக விரவி நிற்கும். ஆனால் சில தனிநிறங்கள், சிற்சில வேளைகளில், ஒரு ‘ஒன்று’, பின்னர் பத்தொன்பது பூச்சியங்கள் என்னும் வரிசையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கும். அப்போது வழியிலுள்ள மின்தேக்கி சிறியதாயின், சிறு குடம் விரைவில் வற்றுவதுபோல அலையின் நிலை சரிந்துவிடும். பெறுங்கருவி எது ஒன்று, எது பூச்சியம் என்று அறியாது தடுமாறும். அங்கு 4.7 மைக்ரோஃபாரட் வேண்டும். நாம் வைத்திருந்ததோ 0.1.

இத்தகைய வரிசைகளை வேண்டுமென்றே தோற்றுவிக்க ஒரு சோதனைப்படம் உண்டு. மேற்பாதி ஊதாச் சாயல், கீழ்ப்பாதி சாம்பற்சாயல். அதை இட்டவுடனே திரை இருண்டது. மின்தேக்கியை மாற்றினோம், அப்படமே விடியும்வரை இமையாது நின்றது. இருபது பலகைகளிலும் அதையே செய்தோம். குறித்த நாளுக்குச் சில நாட்கள் பிந்தியே கொடுத்தோம். தாமதத்தின் காரணத்தையும் மறைக்காது கூறினோம்.

வண்ணப் பட்டைகள் எளிய தேர்வு. அதில் தேறியதை நாம் திறமை என்று எண்ணிவிட்டோம். பிறந்த மண்ணை விட்டு வந்து, பிற மாநிலங்களில் கைத்திறனையே நம்பி வாழும் நம்மவர்க்கு, செய்த பொருளின் நேர்மையே முதல் அறிமுகம். அதைக் கடினமான சோதனைக்கு உட்படுத்துவது, பிறர் கையிற் போய்ச் சேருமுன் நம் மேசையிலேயே நிகழட்டும்.