மணி ஒலித்தும் கேளாத செவிகள்



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி மணிக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவன் நான். ஓய்வு பெற்றபின் சாய்வு நாற்காலியே கதியென்றிருந்தேன். வயிறு பெருத்தது. "ஐயா, முகம் தெளிந்திருக்கிறது" என்று பழைய மாணவர்கள் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். சென்ற ஆண்டு என் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், நான் நீரிழிவின் வாசலில் நிற்பதாகக் கூறினார். "இன்சுலின் குறைந்துவிட்டதா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, மிகுதியாகவே சுரக்கிறது. உடல்தான் அதற்குச் செவிசாய்க்கவில்லை" என்றார். அவ்விடையே இன்றைய பேச்சின் பொருள்.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். ஆனால் நீரிழிவாளர் எல்லாரிடத்தும் அது ஒன்றுபோல வேலை செய்வதில்லை என்பதை 1936-இல் ஹிம்ஸ்வொர்த் என்னும் ஆங்கில மருத்துவர் காட்டினார். காரணம் யாது?

ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். கணையமே மணியடிப்பவர், இன்சுலினே மணியோசை, தசையின் உயிரணுக்களே வகுப்பறைகள். ஓசை கேட்டதும் அவை கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே அழைக்கும். தாழ்வாரத்தில் பெருங்கூச்சல் எழுந்தால் மணி கேளாது. அடிப்பவர் மேலும் ஓங்கி அடிப்பார். நாளடைவில் அவர் கையும் சோர்ந்துவிடும்.

கூச்சல் பிறப்பது பருத்த கொழுப்பில். கொழுப்பை வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே நான் வகுப்பில் கற்பித்தேன். அது முழு உண்மையன்று. அளவுமீறிப் பருத்த கொழுப்பணுக்களைச் சூழ்ந்து, கிருமிகளை விழுங்கும் அணுக்கள் கூட்டமாகக் கூடி, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. 1993-இல் அமெரிக்காவில் ஹோட்டாமிஸ்லிகிலும் ஸ்பீகெல்மனும் அவர்தம் குழுவினரும் பருத்த எலிகளில் இப்பொருளின் செயலைத் தடுத்தனர். இன்சுலின் முன்னிலும் நன்றாக வேலை செய்தது.

இதுவே அழற்சி. புண்ணின் அழற்சி சிவந்து, வீங்கி, ஆறிவிடும். இதுவோ உமித்தீ, உள்ளேயே கனலும். எரிபொருள் மிகுதியால் உயிரணுவினுள் பிராணவாயுவிலிருந்து தீவிரத் துணுக்குகளும் தோன்றி, துருவைப்போல் அதனை அரிக்கின்றன. தீ துருவை வளர்க்கும். துரு தீயை வளர்க்கும்.

இத்தீயின் புகையை இரத்தத்தில் காணலாம். அழற்சியின்போது கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை மிகுதியாக ஆக்கும். துரு ஏறிய கொழுப்பிலிருந்து மாலான்டையால்டிகைடு பிறக்கும். ஆயினும் எச்சரிக்கை வேண்டும். தொற்றுக் காய்ச்சலிலும் அப்புரதம் உயரும். புகையைக் கண்ட மாத்திரத்தில் எரிவது எந்த வீடு என்று கூறிவிட இயலாது.

தீயை அவிப்பது எவ்வாறு? வைட்டமின் மாத்திரைகளால் நீரிழிவைத் தடுக்க முயன்ற பெரிய சோதனைகள் பயன் தரவில்லை. நடை பயன் தருகிறது. உழைக்கும் தசை, மணியோசைக்குக் காத்திராமலே சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும். 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடலுழைப்பும் உணவு ஒழுங்கும் நோய் தோன்றும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன.

என் இடுப்புச் சுற்றளவு அன்று 98 சென்டிமீட்டர், இன்று 94. நாள்தோறும் விடியலில் நடக்கிறேன். இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று மாலை அளவுநாடாவால் உங்கள் பெற்றோரின் இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வரம்பாகும். மிகுந்திருந்தால் அஞ்சவேண்டா, நகைக்கவும் வேண்டா. நாளைக் காலையில் அவர்களோடு நீங்களும் நடந்து செல்லுங்கள்.