படகு எஞ்சினுக்கு மின்சாரப் பெட்ரோல் பம்பு



ஆனேக்கல்லில் கடல் இல்லை. எஞ்சின் படகு ஓடும் ஆறும் இல்லை. அப்படியிருக்க, படகு எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் மின்சாரப் பம்பைப் பற்றி இங்கிருந்து பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி முதலிய தொழிற்பேட்டைகளிலும், அவற்றைச் சூழ்ந்த மோட்டார்ப் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் தமிழருள் கடற்கரையூர்க்காரர்களும் உண்டு. பொங்கலுக்கோ கிறிஸ்துமசுக்கோ ஊர் போனால், "தம்பி, நீ கார்ப் பட்டறையில் இருப்பவன், மாமன் படகு எஞ்சினைக் கொஞ்சம் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போ" என்று யாரேனும் கேளாதிருப்பதில்லை. சிலர் கையோடு ஒரு பழைய கார்ப் பம்பையே பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அவர்களை நினைத்தே இந்தப் பேச்சு.

நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மைய அரசின் மொழிபெயர்ப்பு வேலையில் காலம் கழிப்பவர். இத்தகைய பாதுகாப்பு விதிகளைத் தமிழாக்க முற்பட்டால் முதலில் தடுக்குவது 'பொறி' என்ற சொல்லே. எஞ்சினும் பொறி, நெருப்புத் துளியும் பொறி, எலி பிடிப்பதும் பொறி. பெட்ரோல் படகில் இம்மூன்றும் ஒன்றாகிவிடக் கூடும் என்பது விதிகளின் காரணத்தைக் கேட்டறிந்த பின்னரே நமக்கு விளங்கிற்று.

காரிலும் பெட்ரோல் எஞ்சின், படகிலும் பெட்ரோல் எஞ்சின். காரில் சரியாக ஓடும் பம்பு படகில் ஏன் ஆபத்தாக வேண்டும்? காரில் குழாய் கசிந்தால் பெட்ரோல் தரையில் சொட்டும். அதன் ஆவியைச் சாலைக் காற்று அடித்துக்கொண்டு போகும். படகோ அடியில் துளையில்லாத பாத்திரம். பெட்ரோல் ஆவி காற்றைப்போல் மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது மேலெழுந்து போகாமல், அடித்தட்டின்கீழ் நீர் தேங்கும் பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் படுத்துக் கிடக்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு ஆவி கலந்தாலே போதும். ஒரு சுவிட்சின் பொறி அதைக் கொளுத்திவிடும். பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை விடுவது பெட்ரோல்.

நம் நாட்டு மீன்பிடி விசைப்படகுகள் பெரும்பாலும் டீசலில் ஓடுவன. அவற்றுக்கு இவ்வளவு அச்சம் இல்லை. பின்புறத்தில் வெளியே தொங்கும் மோட்டாரிலும் கசிவு பெரும்பாலும் காற்றோடு போய்விடும். ஆனால் அதன் பெட்ரோல் தொட்டியும் குழாயும் படகுக்குள்ளேதான் இருக்கின்றன என்பதை மறக்கலாகாது. நாம் அஞ்சுவது, படகின் வயிற்றுக்குள் பலகை மூடிய அறையில் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் எஞ்சினைப் பற்றியே. (ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுவோருக்கு இக்கவலை எதுவும் இல்லை, அங்கே துடுப்பே எஞ்சின்.)

பழைய எஞ்சின்களில் பெட்ரோல் பம்பை எஞ்சினே இயக்கிற்று. அதன் சுழற்சியால் ஒரு தோல்தகடு மேலும் கீழும் அசையும். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். இந்தப் பாதுகாப்பை யாரும் தனியே செய்து வைக்கவில்லை. அமைப்பிலேயே அது இருந்தது. தோல்தகடு கிழிந்து, மாற்று உறுப்பும் கிடைக்காதபோது மின்சாரப் பம்பை வைக்கிறோம். அது பாட்டரியின் அடிமை. எஞ்சின் ஓடுகிறதா என்பதை அறியாது. சாவி திறந்திருக்கும் வரை இறைத்துக்கொண்டே இருக்கும். குழாய் அறுந்து, பெட்ரோல் வராமல் எஞ்சின் நின்றுவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். படகிலுள்ளவர் காரணம் தெரியாமல் மூடியைத் திறந்து பார்க்கும் அந்த ஐந்து நிமிடமும் பம்பு படகின் அடிவயிற்றில் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். பிறகு அவர் ஸ்டார்ட்டரைத் திருகுவார்.

இதற்கு மாற்று, எண்ணெய் அழுத்தச் சுவிட்சு. எஞ்சின் ஓடும்போது மட்டுமே அதன் மசகெண்ணெய்க்கு அழுத்தம் உண்டு. பம்புக்குப் போகும் மின்சாரத்தை இந்தச் சுவிட்சு வழியே அனுப்பினால், எஞ்சின் நின்ற சில நொடிகளில் பம்பும் நின்றுவிடும்; இழந்த பழைய பாதுகாப்பு திரும்ப வந்துவிடும். அப்படியானால் முதலில் எஞ்சினைக் கிளப்புவது எவ்வாறு? இதற்கென்றே மூன்று முனைச் சுவிட்சு இருக்கிறது. ஒரு முனை பம்புக்கு, ஒன்று ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் மின்சாரம் வரும் கம்பிக்கு, மற்றொன்று சாவிக்கு. அழுத்தம் இல்லாதபோது பம்பு ஸ்டார்ட்டர் கம்பியோடும், அழுத்தம் ஏறியபின் சாவிக் கம்பியோடும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே கார்ப் பட்டறைக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரின் முகப்பில் சிவப்பு விளக்கை எரியவைக்கும் எண்ணெய்ச் சுவிட்சும் பார்வைக்கு இதைப்போலவே இருக்கும். அது அழுத்தம் இல்லாதபோது இணைந்து, அழுத்தம் வந்ததும் பிரிவது. அதைப் பம்புக்கு வைத்தால், எஞ்சின் நிற்கும்போது பம்பு ஓடும்! இரண்டு வீச்சு மோட்டார்களில் இத்தகைய எண்ணெய் அழுத்தமே இல்லை. அவ்விடத்தில், பிளக்குக்குச் செல்லும் மின் துடிப்பு நின்றதும் பம்பை நிறுத்தும் ரிலேயை நாட வேண்டும்.

1971ஆம் ஆண்டின் படகுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி அமெரிக்காவில் வகுக்கப்பட்ட விதிகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன: எஞ்சினைக் கிளப்பும்போதும் அது ஓடும்போதும் அன்றி மின்சாரப் பம்பு இயங்கலாகாது. அதே விதிகள் மற்றொன்றும் கூறுகின்றன. பம்பு எஞ்சின்மேலேயோ, அதிலிருந்து 12 அங்குலத்துக்குள்ளோ இருக்க வேண்டும். கார்ப் பட்டறையில் கற்ற பாடம் இதற்கு நேர் எதிர். பம்பைத் தொட்டியருகே வைத்தால் நன்றாகத் தள்ளும் என்பார்கள். தள்ளும் உண்மைதான், ஆனால் தொட்டியிலிருந்து எஞ்சின் வரை நீண்ட குழாய் முழுவதும் அழுத்தத்தில் நிற்கும், ஊசித் துளை விழுந்தாலும் பெட்ரோல் பீச்சும். பம்பு எஞ்சினருகே இருந்தால் அக்குழாய் உறிஞ்சும் குழாயாகிறது. ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் காற்று உள்ளே போகும், எஞ்சின் இருமும், அவ்வளவே.

இனி ஒயர். பாட்டரியிலிருந்து புறப்படும் கம்பியில் பியூஸ் வைக்கும் இடம் முக்கியம். பாட்டரிக்கு ஒரு சாணுக்குள் வையுங்கள். பம்பருகே வைத்த பியூஸ் பம்பைக் காக்கலாம். இடையில் உரசித் தேயும் ஒயரைக் காக்காது. கார்புரேட்டருக்குரிய சிறு பம்பு இரண்டு மூன்று ஆம்பியர்தான் இழுக்கும். அதற்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று கம்பியைச் சுற்றிவிடுவோரைப் பற்றி வானொலியில் சொல்லத்தக்க சொல் நம்மிடம் இல்லை. வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி படகின் அதிர்வில் முறிந்துபோம். பல இழைச் செப்புக் கம்பி, இயன்றால் வெள்ளீயம் பூசியது, 2.5 சதுர மில்லிமீட்டர் பருமனில் வாங்குங்கள். மற்ற முனையைக் காரில் செய்வதுபோல் உடம்பு இரும்பில் மாட்டிவிடாமல், தனிக் கம்பியால் பாட்டரிக்கே திருப்புங்கள். இணைப்புகள் அடிநீருக்கு மேலே இருக்கட்டும்.

ரிலேயும் சுவிட்சும் உள்ளுக்குள் பொறி விடுவன. ஆதலால் அவை எஞ்சின் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். அன்றேல், வெளியிலுள்ள ஆவியைக் கொளுத்தாதபடி படகுக்கென்றே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். பம்புக்கும் இவ்விதி பொருந்தும். பையில் வந்த பழைய கார்ப் பம்பு இங்கேயே தோற்றுவிடுகிறது. ஊசி முறை எஞ்சினிலிருந்து கழற்றியதானால் அதன் அழுத்தத்தைக் கார்புரேட்டர் தாங்காது. மிதவையை மீறிப் பெட்ரோல் வழியும்.

வேலை முடிந்தபின் அறையை நன்கு திறந்து காற்றாடவிட்டு, மூக்கால் முகர்ந்து பார்த்து, பிறகு சோதியுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடாமல் சாவியை மட்டும் திறந்தால் பம்பின் ஓசை கேட்கலாகாது. எஞ்சினைக் கிளப்பி ஓடவிட்டு, வெளியே வைத்த சுவிட்சால் பம்பின் மின்சாரத்தை நிறுத்துங்கள். கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்ததும் எஞ்சின் அடங்க வேண்டும். அடங்காவிடில், பம்புக்கு வேறெங்கோ ஒரு குறுக்குவழி இருக்கிறதென்று பொருள்.

அந்தக் குறுக்குவழி பெரும்பாலும் பின்னரே முளைக்கிறது. பத்து நாள் சும்மா கிடந்த படகில் கார்புரேட்டர் வறண்டு, ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுழல வேண்டியிருக்கும். விடியுமுன் கடலுக்குப் போக நிற்பவருக்குப் பொறுமை இராது. பாட்டரியிலிருந்து பம்புக்கு நேரே ஒரு கம்பியை இழுத்துவிடுவார். ஊரை விட்டுக் கிளம்புமுன் மாமனிடம் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள். எந்த நிறக் கம்பி எங்கே போகிறதென்று தமிழில் ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையிலிட்டு, எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்த முறை அந்த மூடியைத் திறப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.