ஆடாத கேமராவும் வெட்டுப்பட்ட தாத்தாவும்

என் தங்கச்சி கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்பை நடந்துகிட்டே போன்ல எடுத்தேன். ஸ்டெபிலைசேஷன் ஆன். வீடியோ ஆடவே இல்ல. ஆனா ஓரமா நடந்து வந்த தாத்தா பாதிதான் தெரியறார். ஆட்டத்தைச் சரிசெய்ய மென்பொருள் ஓரங்களை வெட்டிடும். அதுதான் அது வாங்குற விலை.

இந்தப் பிரச்சினையை ஒரு வரி கோடு கூட இல்லாம தீர்த்தவர், அமெரிக்காவுல பிலடெல்பியாக்காரர் காரெட் பிரவுன். 1970-கள்ல அவர்கிட்ட இருந்த கேமரா டாலி சுமார் 360 கிலோ. அதை வச்சுகிட்டு படியேற முடியுமா?

அவர் ஒரு கம்பத்தோட மேல் முனையில கேமராவையும், கீழ் முனையில பேட்டரி, மானிட்டரையும் வச்சார். எடை இப்படிப் பரவினா சட்டுனு திரும்பாது. கழைக்கூத்தாடி நீளமான கம்பு பிடிக்கிறதும் இதே இயற்பியல்தான். ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்துல ஒரு கிம்பல். அதைத் தாங்க ஒரு ஸ்பிரிங் கை. அந்தக் கை மாட்டியிருக்கிறது, எடுக்கிறவர் போட்டிருக்கிற கவசத்துல. அதுதான் ஸ்டெடிகேம்.

சோதனைக்காகத் தன் காதலியை அருங்காட்சியகப் படிகள்ல ஓடவிட்டு, கூடவே ஓடி எடுத்தார். அதைப் பார்த்த இயக்குநர் ஜான் அவில்ட்சன், 1976-ல வந்த ‘ராக்கி’யில ஹீரோவை அதே படிகள்ல ஓடவிட்டார். 1978-ல ஸ்டெடிகேமுக்கு ஆஸ்கர்.

பிரவுன் ஆட்டத்தை எடுக்கும்போதே தடுத்தார். நான் எடுத்ததுக்கு அப்புறம் வெட்டவிட்டேன். தாத்தா கடைசியா நடந்து வந்த விசேஷம் அது. கொஞ்சம் ஆடியிருந்தாலும் பரவாயில்ல, முழுசா இருந்திருப்பார்.