படியேறும் முன் மருந்தளவு



தமிழகத்திலிருந்து உறவினர் வந்தால், அவர்களை அலிபிரிக்கு அழைத்துச் சென்று மலையேற்றுவது திருப்பதித் தமிழராகிய நமக்கெல்லாம் வழக்கம். ஏறத்தாழ 3,550 படிகள்; 9 கிலோமீட்டர் வழி. பூவும் கற்பூரமும் மறவாது எடுத்துச் செல்கின்ற நாம், உடன்வரும் பெரியவரின் பையிலுள்ள மருந்தை நோக்குவதில்லை. மருந்தாளராகிய யாம் அதுபற்றியே சில சொல்ல விரும்புகின்றோம்.

நீரிழிவு மருந்துகள் யாவும் ஓரினம் அல்ல. மெட்பார்மின் தனியே உண்டால், சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு போன்ற சல்போனைல்யூரியா இனமோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. வெறும் வயிற்றோடு படியேறுவோர்க்கு இவ்வினமும் இன்சுலின் ஊசியும் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக் கூடும். அதன் அறிகுறிகள் வியர்வை, நடுக்கம், படபடப்பு. மலையேறும் களைப்புக்கும் இவையே அறிகுறிகள் அல்லவா? ஆகவே நாம் ஏமாந்து போகிறோம். அட்டெனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்து உண்பவர்க்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடக் கூடும். வியர்வை ஒன்றே காட்டிக்கொடுக்கும்.

இனி, அளவு. 1921-இல் கண்டறியப்பட்ட இன்சுலின் நம் நாட்டில் இரு செறிவுகளில் விற்கப்படுகிறது. குப்பியில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகு. பேனாவில் பெரும்பாலும் 100 அலகு. ஊசிக்குழலும் இருவகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 20 அலகு வேண்டுபவர், 100 அலகு மருந்தை 40-க்குரிய குழலில் 20-ஆம் கோடு வரை இழுத்தால், அரை மில்லிலிட்டர் உட்செல்லும். அது 50 அலகு! இரண்டரை மடங்கு! 40 அலகு மருந்தை 100-க்குரிய குழலில் அவ்வாறே இழுத்தால் 8 அலகே செல்லும். குப்பியின் எண்ணும் குழலின் எண்ணும் ஒன்றாதல் வேண்டும்.

மலையேறும் நாளில் மருந்தைக் குறைப்பதா என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டறிக, தாமாக நிறுத்தற்க. உண்டபின் ஏறுக; மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். உடல் வியர்த்து நடுங்கினால், அங்கேயே அமர்த்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். கால்மணி நேரத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதனையும் இடாதீர், 108-ஐ அழையுங்கள்.

மலையேறிய பெரியோர் நலமாய் இறங்கி நம் இல்லம் திரும்பவேண்டும். அதுவே நாம் செய்யும் விருந்தோம்பல்.